அ – அணில், ந – நரி

மகள் இந்த வருஷம்தான் எல்.கே.ஜி. சேர்ந்தாள். அவளுடைய படப் புத்தகத்தில் அ-வுக்கு அணில், ந-வுக்கு நரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டுக்கும் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அணிலுக்கு அவள் புத்தகத்தோடு வந்த வண்ண அட்டையைப் பார்க்கவே இல்லை. சன்னலுக்கு வெளியே கேபிள் ஒயரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சாம்பல் நிறம் பூசி, முதுகில் மூன்று கோட்டை வெள்ளையாக விட்டாள். நரிப் பக்கத்தைத் திருப்பியதும் மறுபடியும் சன்னலைப் பார்த்தாள். "அப்பா, நரி எங்க இருக்கு?"

அட்டையில் அச்சிட்டிருந்தபடி ஆரஞ்சுப் பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகு மனசு உறுத்தியது.

அந்தப் படத்தில் இருந்தது செந்நரி. ஆரஞ்சு உடம்பு, வெள்ளை மார்பு, கறுத்த கால்கள், வால் நுனியில் பஞ்சு வைத்தாற்போல வெள்ளை. பாட்டி வடை சுட்ட கதைக்குப் போடுகிற படங்களிலும் பெரும்பாலும் இந்த நரிதான் மரத்தடியில் நின்று காகத்தை அண்ணாந்து பார்க்கிறது. ஆனால் இது தமிழ்நாட்டு விலங்கே இல்லை. இந்தியாவில் இதைப் பார்க்க லடாக்குக்கோ காஷ்மீருக்கோ போக வேண்டும். வெளிறிய நிறத்தில் இதன் இன்னொரு வகை ராஜஸ்தான், கட்ச் பாலை நிலங்களில் உண்டு. நம் பிள்ளைகள் ந எழுதப் பழகும்போது மனசில் பதிவது அயலூர் நரி.

நம்மூர் நரி எது என்று கேட்டால் பதில் ஒன்றல்ல, இரண்டு. ராத்திரியில் ஊளையிடுகிற பெரிய நரி ஒன்று. எட்டுப் பத்துக் கிலோ இருக்கும். இது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய பங்காளி. இன்னொன்று குள்ளநரி. இரண்டு முதல் நான்கு கிலோதான், ஏறக்குறைய வீட்டுப் பூனை அளவு. சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, மெலிந்த கால், பெரிய காது, உடம்பில் பாதிக்கு மேல் நீளமுள்ள அடர்ந்த வால். அந்த வாலின் நுனி கறுப்பு. செந்நரிக்கு உண்மையான உறவு இந்தக் குள்ளநரிதான். இரண்டும் வல்பெஸ் என்ற ஒரே பேரினம். செந்நரி வல்பெஸ் வல்பெஸ், குள்ளநரி வல்பெஸ் பெங்காலென்சிஸ். பெயரில் வங்காளம் இருந்தாலும் இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கோடி வரை, இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டுமே வாழ்கிற விலங்கு. கடலைத் தாண்டி இலங்கைக்குக்கூட அது போகவில்லை. அங்கே இருப்பது ஊளையிடும் நரி மட்டும்தான். நாய்க்கும் ஊளை நரிக்கும் 78 குரோமோசோம்கள். செந்நரிக்கு அடிப்படை எண்ணிக்கை 34. ஊளை நரியும் குள்ளநரியும் நம் பேச்சில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டாலும், வம்சவழியில் தூரத்துச் சொந்தம்.

நான் வேலை பார்ப்பது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் உள்ள இருங்காட்டுக்கோட்டையில், உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில். இங்கே அணில் இல்லாத கூரை கிடையாது. இத்தனை வருஷ ஷிப்டில் ஒரு குள்ளநரியைக்கூட நான் பார்த்ததில்லை. மகள் கேட்ட கேள்வி அதனால்தான் எனக்குச் சின்னக் கேள்வியாகத் தோன்றவில்லை. ஒரே அரிச்சுவடியில் இருக்கிற இரண்டு விலங்கில் ஒன்று நம்மோடு குடிவந்துவிட்டது, மற்றது கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. ஏன்?

முதலில் குடிவந்ததைப் பார்ப்போம். போன மழைக்கு முன்னால் பம்ப் ஹவுஸில் ஒரு மோட்டாரின் விசிறி மூடியைக் கழற்றினோம். உள்ளே ஒரு பந்து. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பனியன் வேஸ்ட். இயந்திரம் துடைக்க நாங்கள் கையில் வைத்திருப்போமே, அதே துணி நூல். அதோடு தென்னை நார், பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையைக் கிழித்த இழைகள், இலவம்பஞ்சு, இரண்டு புறா இறகு. நடுவில் கட்டைவிரல் பருமனில் இரண்டு குட்டிகள். கண் திறக்கவில்லை. ரோமம் முளைக்காத தோலில் கோடுகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. மூடியை அப்படியே வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். கால் மணி நேரத்தில் தாய் வந்தது. ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, சுவர்மேல் ஏறி, புங்கமரத்துக்குக் கொண்டுபோயிற்று.

அந்தக் கோடுகளுக்கு நம் பாட்டிமார் சொல்லும் காரணம் எல்லோருக்கும் தெரியும்: சேது கட்டும்போது மணல் சுமந்த அணிலை இராமன் தடவிக்கொடுத்த விரல் தடம். உடலுக்குள் கோடு எப்படி விழுகிறது என்பதை 2016-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆப்பிரிக்காவின் கோடுபோட்ட எலியில், வெளிறிய கோடு விழ வேண்டிய இடத்தில் கருவிலேயே ஒரு மரபணு கூடுதலாக வேலை செய்கிறது. நிறமிச் செல்கள் அங்கே முதிரவிடாமல் அது தடுத்துவிடுகிறது. வட அமெரிக்காவின் சிப்மங்க், நம் அணிலின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் கோட்டுக்கும் அதே மரபணுவின் கைவேலைதான். நமக்கு இங்கே மூன்று கோடு; வட இந்திய அணிலுக்கு ஐந்து.

நம் மூன்றுகோட்டு அணிலுக்கு லின்னேயஸ் 1766-ல் பெயர் வைத்தார். இன்று அதன் பெயர் ஃபுனாம்புலஸ் பல்மாரம். முதல் சொல்லுக்குக் கயிற்றின்மேல் நடப்பவன் என்று பொருள், இரண்டாவது பனையைக் குறிக்கிறது. இரண்டும் பொருத்தம். ஆனால் அதன் உண்மையான சாமர்த்தியம் நேராக ஓடுவதில் இல்லை, இறங்குவதில் இருக்கிறது. கேன்டீன் பக்கத்து வேப்பமரத்தில் ஓர் அணில் தலைகீழாக இறங்கும்போது பின்னங்காலைக் கவனியுங்கள். பாதம் பின்னோக்கித் திரும்பியிருக்கும். மர அணில்களின் கணுக்கால் மூட்டு பின்னங்காலை ஏறக்குறைய அரைவட்டம் சுழலவிடுகிறது. நகங்கள் மேல்நோக்கிப் பட்டையில் கொக்கிபோல மாட்டிக்கொள்ள, உடம்பு அதில் தொங்குகிறது. முன்கால் இரண்டும் அதனால் விடுதலை. தொங்கிக்கொண்டே சாப்பிடலாம். மரத்தில் ஏறிய பூனை இறங்கத் தெரியாமல் கத்துவதற்குக் காரணம் இந்தக் கணுக்கால் அதற்கு இல்லாததுதான்.

விழுந்தாலும் அணிலுக்குக் கவலை இல்லை. ஷெட்டின் விளிம்பிலிருந்து, மூன்று மாடி உயரம் இருக்கும், ஓர் அணில் சிமென்ட் தரையில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு நொடி அசையாமல் இருந்துவிட்டு ஓடிவிட்டது. இது கணக்கு. அணிலின் எடை சுமார் 100 கிராம், குள்ளநரி இரண்டரைக் கிலோ என்று வைத்தால் 25 மடங்கு. உடலை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் எடை கன அளவில் ஏறும், காற்று தாங்குகிற பரப்போ சதுர அளவில்தான் ஏறும். எடை 25 மடங்கு கூடும்போது பரப்பு எட்டரை மடங்குதான் கூடுகிறது. ஆக நரியின் உடம்பில் ஒரு சதுர அங்குலம் தாங்க வேண்டிய எடை அணிலுக்கு ஆவதைப்போல மூன்று மடங்கு. விரித்த கால்களும் வாலும் அணிலைக் காற்றில் மெதுவாக்கிவிடுகின்றன. நரிக்கு அந்த உயரம் எலும்பு முறிவு, அல்லது மரணம்.

இந்த எளிய கணக்குதான் ஒரு பெரிய வாசலைத் திறந்துவிடுகிறது. விழப் பயமில்லாத பிராணிக்கு ஊர் என்பது செங்குத்தாக இருக்கிறது. மரம், சுவர், தூண், கேபிள் ட்ரே, கூரைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் உள்ள சந்து எல்லாம் அதற்கு ஒரே காடு. நாம் கீழே எவ்வளவு நிலத்தை மூடினாலும் மேலே புதிதாகக் கிளைகள் முளைக்கின்றன. ஒரு சில மரமும் ஒரு கூரையும் போதும், ஓர் அணில் வாழ்க்கை நடத்திவிடும். பழம், விதை, பூந்தேன், பூச்சி, கிடைத்தால் குருவி முட்டை, எங்கள் கேன்டீனில் சிந்திய சோறு என எதையும் சாப்பிடும். முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல், பின்பக்கம் மெத்தென்று தேய்வது. கடிக்கக் கடிக்க முனை உளிபோலச் சாணை பிடித்துக்கொள்ளும். எங்கள் பேனல் ரூம் ஒயர்களில் அந்த உளியின் தடம் நிறைய உண்டு. தாயின் வயிற்றில் குட்டி ஐந்து வாரம் அளவே இருக்கிறது. இரண்டு மூன்று குட்டி. வருஷத்தில் இரண்டு மூன்று ஈற்று. பூனைக்கும் வல்லூறுக்கும் எத்தனை பலி கொடுத்தாலும் கணக்கு நேராகிவிடும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர விலங்குக் காட்சிசாலையிலிருந்து 1898-ல் வெளியே விடப்பட்ட ஐந்துகோட்டு அணில்கள், இயற்கை எதிரி குறைவான அந்த ஊரில் இன்றைக்கும் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

இனி வெளியேறியது. குள்ளநரிக்கு ஊர் செங்குத்தாக இல்லை, படுத்துக் கிடக்கிறது. அதற்கு வேண்டியது திறந்த வெளி: குட்டைப் புல், அங்கங்கே இலந்தைப் புதர், கறையான் புற்று, தண்ணீர் தேங்காத ஒரு மேடு. மேட்டில் வளை தோண்டும். ஒரு வளைக்குப் பல வாசல். எதிரி ஒரு பக்கம் வந்தால் இன்னொரு பக்கம் வெளியேறலாம். நல்ல வளையாக அமைந்துவிட்டால் வருஷா வருஷம் அதிலேயே குட்டி போடும். ஆணும் பெண்ணும் ஜோடியாகவே இருந்து வளர்க்கும். வருஷத்துக்கு ஒரே ஈற்று, இரண்டு முதல் நான்கு குட்டி, வயிற்றில் 50 நாளுக்குக் கொஞ்சம் மேல். பின்னாளில் புலி, செந்நாய் ஆய்வுகளால் நாடறிந்த நாங்குநேரிக்காரர் ஏ. ஜே. டி. ஜான்சிங் தென் தமிழகத்தில் குள்ளநரிகளின் பின்னால் அலைந்து எழுதிய கட்டுரை 1978-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் வந்தது. யானையும் புலியுமே ஆராய்ச்சிக்கு உரியவை என்று எண்ணப்பட்ட காலத்தில், ஊர்ப்புறத்து நரியை உட்கார்ந்து பார்த்த மனிதர் அவர். 2024 ஜூனில் காலமானார்.

குள்ளநரி என்ன சாப்பிடுகிறது என்று தெரிந்தால் நம் கதைகளின் தந்திரக்கார நரி கொஞ்சம் மாறிப்போகும். வெட்டுக்கிளி, வண்டு, கறையான். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும்போது அதற்கு விருந்து. வெள்ளெலி, ஓணான், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, இலந்தைப் பழம். ஒரு ராத்திரிக்குச் சின்னச் சின்னதாக நூறு வாய் சாப்பாடு வேண்டும். அதைத் தேடச் சில சதுர கிலோமீட்டர் நிலம் நடக்க வேண்டும். அணில் பகலில் ஓடி இரவில் தூங்குவது. நரி இரவில் நடப்பது. அதன் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கிறது. விழித்திரை தவறவிட்ட ஒளியை அது திருப்பி அனுப்ப, மங்கிய வெளிச்சமும் இரண்டு தரம் பயன்படுகிறது. வண்டி விளக்கில் அந்தக் கண்கள் ஜொலிப்பதும் இதனால்தான். நூறு வாய் சாப்பாட்டுக்கு இரவில் நடக்கிற பிராணி பெங்களூரு நெடுஞ்சாலையை எத்தனை தரம் கடக்க முடியும்?

இவ்வளவும் சரி. ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழும். இதே குடும்பத்துச் செந்நரி லண்டனில் வாழ்கிறதே! வீட்டுக் கொட்டகைக்கு அடியில் வளை, குப்பைக் கூடையில் சாப்பாடு, இரவில் நடைபாதையில் உலா. நிலத்தில் வாழும் ஊனுண்ணிகளில் இதைவிடப் பரந்த எல்லை கொண்ட காட்டு விலங்கு வேறில்லை. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா, ஆப்பிரிக்காவின் வட விளிம்பு. 19-ஆம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காக ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சிறிய பாலூட்டிகள் பலவற்றை அது அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டது. பிரிட்டனில் 1930-கள் வாக்கில், தோட்டம் வைத்த வீடுகள் வரிசையாகப் பெருகியபோது நகருக்குள் வந்து குடியேறியது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சாம்பல் அணிலும் செந்நரியும் இன்று அங்கே ஒரே தோட்டத்தைப் பகலும் இரவுமாகப் பகிர்ந்துகொள்கின்றன.

அதன் திறமைகளும் சாதாரணமில்லை. பனிக்கு அடியில் எலி நகரும் ஓசையைக் கேட்டு, எம்பி, வளைந்து, மூக்கு முதலில் பாயும். செக் நாட்டு ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஒரு விஷயம் எனக்கு இன்னும் வியப்பு. உயரப் புல்லிலும் பனியிலும், இரை கண்ணுக்குத் தெரியாத இடங்களில், நரிகள் வடகிழக்கு நோக்கிப் பாயவே விரும்பின. நம் வாக்கில் சொன்னால் ஈசான மூலை. அந்தத் திசையில் பாய்ந்தபோது நான்கில் ஏறக்குறைய மூன்று பாய்ச்சல் பலித்தது. மற்றப் பெரும்பாலான திசைகளில் ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பூமியின் காந்தப்புலத்தை அளவுகோலாக வைத்து இரைக்குள்ள தூரத்தை நரி கணிக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

ஊருக்கு வந்தபின் உடம்பும் மாறத் தொடங்கியிருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்திலும் சேகரித்த நரி மண்டையோடுகளை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் அளந்து 2020-ல் எழுதினார்கள். நகரத்து நரிகளின் முகம் குட்டையாக, அகலமாக இருந்தது. ஓடும் எலியைச் சட்டெனக் கவ்வ நீண்ட தாடை உதவும். அசையாத எலும்பையும் பொட்டலத்தையும் கடிக்கக் குட்டைத் தாடைக்கு வலு அதிகம். மனிதனைக் கண்டு மிரளும் குணமும் வம்சத்தில் இறங்கும், குறையவும் செய்யும் என்பதற்கு சைபீரியாவில் சான்று இருக்கிறது. செந்நரியின் வெள்ளிநிற வகையைப் பண்ணையில் வைத்து, கைக்கு மிரளாத குட்டிகளை மட்டும் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யும் சோதனையை திமித்ரி பெல்யாயெவ் நோவோசிபிர்ஸ்கில் 1959-ல் தொடங்கினார். சில தலைமுறைகளிலேயே ஆளைக் கண்டால் வாலாட்டும் நரிகள் பிறந்தன.

அப்படியானால் குள்ளநரி ஏன் இருங்காட்டுக்கோட்டையின் தெருநரி ஆகவில்லை? எங்கள் கேன்டீன் குப்பைக்கு ஏன் அது வரவில்லை?

இதற்குப் பதில் தினமும் என் காலடியில் படுத்திருந்தது. எனக்குத்தான் அது உறைக்க நாளாயிற்று. லண்டனில் தெருநாய் கிடையாது. பிரிட்டன் 1922-லேயே நாய்களிடமிருந்து வெறிநோயை ஒழித்துவிட்டது. குப்பையைக் கிளறும் வேலை அங்கே காலியாக இருந்தது, செந்நரி வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கே அந்த வேலைக்கு எப்போதோ ஆள் போட்டாயிற்று. ஒவ்வொரு கேட்டுக்கும் நான்கு, ஒவ்வொரு டீக்கடைக்கும் மூன்று. பதினைந்து கிலோ நாய்க்கு முன்னால் இரண்டரைக் கிலோ நரி என்ன செய்யும்?

மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பக்கம் நான்னஜ் புல்வெளியில் ஆய்வாளர் அபி தமிம் வனக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். குள்ளநரிகள் வரும் இடத்தில் தட்டில் தீனி வைத்தார்கள். பக்கத்தில் நாய் இருந்தபோது நரிகள் குறைவாகவே வந்தன, வந்தவையும் குறைவாகவே தின்றன, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன. நாய் கடித்துக் கொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். அது அங்கே இருந்தாலே நரியின் சாப்பாட்டு நேரம் பயத்தில் கரைந்துபோகிறது. போதாததற்கு வெறிநோய், டிஸ்டெம்பர் என்று நாயிடமிருந்து தொற்றும் நோய்கள். ஒரு நரிக் குடும்பத்தை ஒரே பருவத்தில் துடைத்துவிடக்கூடியவை அவை. அணிலுக்கு நாய் ஒரு பொருட்டே இல்லை. இரண்டடி உயரம் ஏறினால் ஆபத்து முடிந்தது.

நாயைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. நாய் நம் குப்பையில் வாழ்கிறது, குப்பை நம்முடையது. நிலமும் நம் முடிவுதான்.

ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவரிடம் ஒருநாள் ஷிப்ட் முடிந்து பேச்சுக் கொடுத்தேன். "நரியா தம்பி? ராவுல ஊளை கேக்காத நாளு இருந்ததா? இது பூரா மேய்க்கா. அந்தா தெரியுதே கம்பெனிச் செவுரு, அது வரைக்கும் மாடு போவும். சின்னது ஒண்ணும் இருந்துது, ஊளையெல்லாம் போடாது, நாய்க்குட்டி கணக்கா கத்தும், வாலு மட்டும் இம்மாம் பெரிசு." கை அகலத்தைக் காட்டினார். ஊளைக்கும் குரைப்புக்கும் வித்தியாசம் சொன்னவருக்கு இரண்டு நரியையும் பிரித்துச் சொல்ல வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஏரிக்குக் கீழே நஞ்சை, மேட்டில் புன்செய், அதற்கும் மேலே ஆடு மாடு மேயும் வெளி. இருங்காட்டுக்கோட்டை என்ற ஊர்ப் பெயரிலேயே காடு இருக்கிறது. காடு என்றதும் இன்று நாம் அடர்ந்த மரங்களை நினைக்கிறோம். தமிழில் அந்தச் சொல் அதைவிட அகலமானது. கடலைக்காடு, சோளக்காடு என்கிறோம். மானாவாரி நிலமும் புதரும் மேய்ச்சல் தரையும் காடுதான். முல்லைத் திணையின் காடும் ஆயர்கள் மாடு மேய்த்த வெளிகளை உள்ளடக்கியதுதான். அந்தக் காட்டைக் கணக்கேட்டில் ஒரே சொல்லால் மூடிவிட்டோம்: தரிசு.

தரிசு என்று எழுதிய நிலத்தைக் கொடுக்க யாருக்கும் மனசு கனக்காது. 1990-ல் இங்கே மோட்டார் பந்தயப் பாதை திறந்தது. 1996-ல் ஹூண்டாய் வந்தது, 1998-ல் அதன் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. பின்னாலேயே உதிரிபாகத் தொழிற்சாலைகள். பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் என்று சிப்காட் வளாகங்கள் நீண்டன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான். எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் இதில் சாப்பிடுகின்றன. என் குடும்பமும் அதில் ஒன்று. இந்த ஆலைகளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தரிசு என்ற சொல்லை மட்டும்தான் மறுக்கிறேன். அங்கே வெள்ளெலி இருந்தது, கவுதாரி இருந்தது, கறையான் புற்று இருந்தது, அதையெல்லாம் தின்று அளவில் வைத்திருந்த ஒரு வேட்டைப் பிராணியும் இருந்தது.

இது இருங்காட்டுக்கோட்டையின் கதை மட்டும் இல்லை. எம். டி. மதுசூதனும் அபி வனக்கும் செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்தியாவின் வறண்ட, திறந்த இயற்கை வெளிகளை வரைபடமாக்கினார்கள். நாட்டின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு வந்தது. அதில் பெரும்பகுதி அரசு ஆவணங்களில் தரிசு என்றே பதிவாகியிருக்கிறது. சரணாலயம், தேசியப் பூங்கா என்று பாதுகாப்புக்குள் இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. குள்ளநரி, ஓநாய், கானமயில் எல்லாம் இந்த வெளியின் குடிகள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லத் தயக்கமாகவும் இருக்கிறது. நாங்கள் வருஷா வருஷம் சுற்றுச்சூழல் தினத்தில் கம்பெனிக்குள் மரம் நடுகிறோம். புங்கன், வேம்பு, நாட்டு வாதுமை. நல்ல நிழல். அணில் பெருகியதே இதனால்தான். ஆனால் திறந்த வெளியில் மரம் நட்டால் திறந்த வெளி திரும்பி வராது. மேய்ச்சல் நின்ற இடங்களில் வேலிகாத்தான் தானாகவே வந்து அடைத்துக்கொள்கிறது. அதையும் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பச்சை என்றுதான் சொல்கிறார்கள். குள்ளநரி வளை தோண்ட இடம் தேடி வந்தால் அதற்கு முள்ளடர்ந்த இருட்டும் கல் பாவிய தரையும்தான் கிடைக்கும். ஒரு விலங்குக்கு மரம் நடுவது உதவி, இன்னொன்றுக்கு நடாமல் விடுவது உதவி. நடுவதற்கு விழா உண்டு, படம் எடுக்கலாம். ஒரு ஏக்கரை அப்படியே விட்டோம் என்பதற்கு எங்கள் அறிக்கையில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்தக் கட்டம் வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

நரியை வெறுத்த ஜனங்களும் இல்லை நாம். மதுரையில் நரிமேடு, விருதுநகர்ப் பக்கம் நரிக்குடி, நாகைப் பக்கம் நரிமணம் என்று ஊருக்கு அதன் பெயரை வைத்தவர்கள். மாணிக்கவாசகருக்காகச் சிவன் நரிகளைப் பரியாக்கிய திருவிளையாடலை வருஷந்தோறும் மதுரையில் கொண்டாடுகிறோம். நல்லது நடந்தால் நரி முகத்தில் விழித்தான் என்கிறோம். அந்த நம்பிக்கை முற்றிப்போன இடமும் உண்டு. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்து ஊர்கள் சிலவற்றில் பொங்கலுக்கு வங்காநரி (நம் குள்ளநரிதான்) பிடித்து வந்து ஓடவிடும் வழக்கம். வனத்துறை தடுத்து, அபராதம் போட்டு வருகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு நரி அவ்வளவு வேண்டியது என்றால், அது பிழைத்துக் கிடக்கிற கரட்டையும் புல்லையும் காப்பதில் அவர்களைவிட அக்கறையாக யார் நிற்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. வலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் வந்தார்களென்றால் வனத்துறைக்கே வேலை குறையும்.

மகளின் புத்தகத்துக்குத் திரும்புகிறேன். ஆரஞ்சுப் பென்சிலை வாங்கிக்கொண்டு பழுப்பைக் கொடுத்தேன். வால் நுனிக்குக் கறுப்பு. "மிஸ் ஆரஞ்சுன்னுதான் சொன்னாங்க" என்று அழ ஆரம்பித்தாள். மடியில் உட்காரவைத்து, உடம்பு ஆரஞ்சாக இருக்கிற நரி லடாக்கில் இருக்கிறது, அது பனியில் ஓடும், நம்மூர் நரி மண் நிறத்தில் இருக்கும், மண்ணில் படுத்தால் தெரியாது என்று சொன்னேன். பாதி ஆரஞ்சும் பாதி பழுப்புமாக ஒரு நரியை முடித்து வைத்தாள்.

மறுநாள் எனக்கு ஏ ஷிப்ட். எங்கள் வளாகத்தின் பின்பக்கம், விரிவாக்கத்துக்கென்று போட்டு வைத்த இடம் இரண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறது. பம்ப் ஹவுஸுக்குப் போகும் வழியில் வேலியோரம் நின்று பார்த்தேன். முழங்கால் உயரப் புல், நடுவில் கொஞ்சம் மேடு, மேட்டில் இடுப்புயரக் கறையான் புற்று, ஓர் இலந்தைப் புதர். வெள்ளெலி வளை எண்ணிய வரையில் பதினொன்று. ஆட்காட்டி ஒன்று கத்திக்கொண்டு மேலே சுற்றியது, பக்கத்தில் எங்கோ முட்டை இருக்க வேண்டும். குள்ளநரி வந்தால் ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மேட்டின் வெயில் படும் பக்கத்தில், மண்ணைக் கொஞ்சம் பறித்து வசதி பண்ணிக்கொண்டு, ஏழு நாய்கள் தூங்கிக்கொண்டிருந்தன.